கோணி டாக்டரின் சுவர்

எனெய்தா பொத்தினா என்று சொன்னால் எங்கள் பாஸ்தோ பல்கலைக்கழகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. கோணி டாக்டர் என்று கேட்டால் வாசல் காவலாளியே கூட்டிக்கொண்டு போய் ஆய்வகத்தில் விட்டுவிட்டு வருவார். பெயர் வைத்த புண்ணியவான் டாக்டர் வில்லோதா. இரும்பையும் கான்கிரீட்டையும் தவிர வேறெதையும் கட்டடத்தில் ஒப்புக்கொள்ளாத மனிதர். கோணிப்பை நெய்கிற ஃபீக்கே நாரை வலையாகப் பின்னிச் சாந்துக்குள் பதித்தால் மண் சுவர் நிலநடுக்கத்தைத் தாங்கும் என்று ஒரு பெண் வந்து சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆசிரியர் அறையில் அன்றைக்கு அவர் வைத்த பெயர் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறது. அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த சில பாலங்கள் அவ்வளவு நாள் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

எனெய்தாவின் அப்பா ரோசெந்தோ ஜனவரித் திருவிழாவுக்குத் தேர் செய்பவர். ஜனவரி ஆறாம் தேதி தெருவில் இறங்கும் தேருக்கு ஆகஸ்டிலேயே களிமண் பிசைய ஆரம்பித்துவிடுவார்கள். களிமண் பொம்மையின் மேல் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஏறும். எடை தாங்க வேண்டிய தோள், முட்டி, கழுத்துக்கு மட்டும் பழைய கோணித்துணி. மூன்று மாடி உயர அரக்கன் ஊர்வலம் முடியும்வரை கை கழன்று விழாமல் இருக்க வேண்டுமே. நவம்பர் வந்துவிட்டால் அந்த வீடு முழுக்கப் பசை நாற்றம். எனெய்தா பள்ளிக்கூடம் போனால் அவளுக்கு முன்னால் அந்த நாற்றம் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவள் தள்ளி உட்காருவாள்.

அவளுக்குப் பதினாறு வயதானபோது ஒரு தேரின் வலது கை நடுச்சதுக்கத்தில், ஊர் பார்க்க, தோளோடு பெயர்ந்து விழுந்தது. ரோசெந்தோ குழந்தை மாதிரி அழுதார். எனெய்தா அழவில்லை. கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்து, கையின் நீளத்தையும் எடையையும் பெருக்கிப் பார்த்தாள்.

"கையை ஒரு மீட்டர் நீட்டிட்டீங்கப்பா. தோளு மட்டும் போன வருஷத்துத் தோளு. அது என்ன பண்ணும் பாவம்?"

அடுத்த வருஷம் அவள் சொன்ன இடத்தில் நான்கு அடுக்குக் கோணித்துணி போட்டார் அப்பா. தேருக்கு இரண்டாம் பரிசு. எனெய்தா பொறியியல் படிப்பது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அந்தப் படிப்புக்கான உதவித்தொகை விண்ணப்பத்தில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'வியாபாரம்' என்று எழுதினாள். விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்கப் போனவன் தம்பி லிபார்தோ. பதின்மூன்று வயது. எதையும் படித்துப் பார்க்காமல் விடமாட்டான்.

"அக்கா, நாம என்னக்கா வியாபாரம் பண்றோம்?"

"வாயை மூடிட்டுப் போய்ப் போடுடா."

அவன் போய்ப் போட்டான். வாயை மட்டும் மூடவே இல்லை. அதற்குப் பிறகு எந்த நல்ல நாளில் கூடினாலும், "வியாபாரி பொண்ணு வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் எனெய்தாவால் பார்க்க முடியாது.

எண்பத்து மூன்றில் போபயான் நகரம் நிலநடுக்கத்தில் விழுந்தபோது அவள் மாணவி. உதவிக்குப் போன பேருந்தில் அவளும் போனாள். மண் சுவர்கள் துண்டு துண்டாகப் பிரிந்து தெருப்பக்கம் சாய்ந்து கிடந்தன. இதைச் சுற்றி ஒரு தோல் போர்த்தியிருந்தால் பிரிந்திருக்காதே என்று தோன்றிய கணத்தில், அவள் கண்முன் வந்து நின்றது அப்பா கோணித்துணி போர்த்திய அரக்கனின் தோள். வாழ்க்கை முழுவதற்குமான யோசனை அது ஒன்றுதான். பிரேசிலில் முனைவர் பட்டத்துக்கு அதையேதான் ஆராய்ந்தாள். ஆனால் ஆய்வேட்டில் வெளிநாட்டுக் கண்ணாடி இழைகளைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவள், அப்பாவின் பட்டறையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

திரும்பி வந்து, மணிக்கணக்குக்குப் பாடம் எடுக்கும் கடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறினாள். முதல் பத்து வருஷம் ஒரே ஒரு எதிரியோடு போனது. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு நாரைத் தின்றுவிடும். இரண்டு வருஷத்தில் வலை பொடிப்பொடியாகிவிடும். எங்கள் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கும் கலேராஸ் எரிமலையின் பழைய சாம்பலை அரைத்து, சிமெண்டில் பாதியைக் குறைத்து அதைப் போட்டாள். நார் பிழைத்தது. அவளுடைய கட்டுரைகளைச் சீனாக்காரர்கள்கூட மேற்கோள் காட்டினார்கள். வில்லோதா மட்டும், "இப்ப கோணியோட சாம்பலும் சேர்ந்தாச்சா? குப்பைத்தொட்டியில பாக்கி என்ன இருக்கு டாக்டர்?" என்றார்.

இரண்டாவது எதிரி வந்தபோதுதான் அவள் தலை குனிந்தாள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கம் மாதிரி உலுக்கிக் காட்டும் மேடை கிடையாது. இருப்பது சாய்மேடை. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் நான்கு ஜாக்கிகள். மேடைமேல் சுடாத பச்சைச் செங்கல்லில் சின்ன வீடு ஒன்று கட்டி, மெல்ல மெல்லச் சாய்ப்பார்கள். எவ்வளவு சாய்ந்தும் நிற்கிறதோ அவ்வளவு உலுக்கலைத் தாங்கும் என்று கணக்கு. எதுவும் போர்த்தாத வெறும் வீடு பதினான்கு பாகையில் விழும். எனெய்தாவின் வலை போர்த்திய வீடு இருபத்தைந்தையாவது தாண்ட வேண்டும். பல்கலைக்கழகமே கூடி நின்று பார்த்த அன்று, பதினாறில் விழுந்தது. விழுந்த சாந்திலிருந்து நூல்கள், சீப்பிலிருந்து முடி வருவது மாதிரி, வழுக்கிக்கொண்டு முழுசு முழுசாக வந்தன. ஒரு நூல்கூட அறுபடவில்லை. பிடிப்பே இல்லை.

பிரேசிலில் பிடித்த நார் இங்கே ஏன் பிடிக்கவில்லை? சாந்தை மாற்றினாள். வலையின் கண்ணை மாற்றினாள். மணலை மாற்றினாள். இரண்டு வருஷம் ஓடியது. நூல் வழுக்கிக்கொண்டேதான் வந்தது.

அப்போது தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. மண் கட்டடங்களுக்கான விதிமுறைக் குழு நேரில் பார்க்க வருகிறது. வீடு இருபது பாகையைத் தாண்டினால் அவளுடைய முறை விதிமுறையில் சேரும். மலைக்கிராமங்களில் உள்ள முப்பத்தாறு பச்சைச் செங்கல் பள்ளிக்கூடங்களுக்கு வலை போர்த்துவார்கள். தாண்டாவிட்டால் முப்பத்தாறையும் இடித்துவிட்டு, பணம் வரும்வரை பிள்ளைகளைத் தகரக் கொட்டகையில் உட்கார வைப்பார்கள். இன்னொரு முறை வரமாட்டோம் என்று பணிவாகவே எழுதியிருந்தார்கள். நாற்பத்தொரு நாள் இருந்தது.

அதே நாளில்தான் லிபார்தோ ஆய்வகத்துக்கு வந்தான். ஐம்பது வயதுக்காரன். அப்பா போனபிறகு பட்டறையை எடுத்து மூன்று முதல் பரிசு வாங்கியவன். ஞாயிற்றுக்கிழமை தன் பெயருக்குரிய புனிதரின் நாளுக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி கூய் என்கிற கினிப்பன்றி சுடப் போகிறான். அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை. அதனால் நேரிலேயே அழைக்க வந்துவிட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாசலை அவன் மிதித்தது அதுதான் முதல் தடவை. எனெய்தா ஒருநாளும் வா என்று சொன்னதில்லை.

"ஆய்வகம்னா கண்ணாடியும் புகையுமா இருக்கும்னு நெனச்சேன்" என்று சுற்றிப் பார்த்தான். "நம்ம பட்டறை மாதிரியேதான்க்கா இருக்கு. என்ன, நாங்க கூட்டுவோம்."

கூட்டாத ஆள் ஆய்வக உதவியாளர் செகுந்தோ. முறைத்தார்.

"ஞாயித்துக்கிழமை பார்க்கலாம் லிபார்தோ. இப்ப வேலை இருக்கு" என்றாள் எனெய்தா.

"அப்பாவுக்கும் இதையேதான் சொன்ன. உன் ஆய்வகத்தை ஒருதரம் பார்க்கணும்னு கேட்டாரு. வேலை இருக்கு, அப்புறம்னே. அவரு அப்புறமாப் போயிட்டாரு."

எனெய்தா மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தாள். லிபார்தோவும் சொன்னதற்கு வருந்தியவனாக, பேச்சை மாற்ற, மூலையில் கிடந்த நூல் கட்டு ஒன்றை எடுத்தான். விரலால் உருட்டினான். மோந்து பார்த்தான்.

"இது ஆலை நூலாச்சே. எப்பக்கா அவிக்கப் போற?"

"எதை?"

"இதைத்தான். அவிக்காம எப்படிப் போடுவ?"

"அப்படியேதான் போடறோம்."

லிபார்தோ அக்காவின் முகத்தைப் பார்த்தான். கிண்டல் செய்கிறாளோ என்று செகுந்தோவின் முகத்தையும் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"அடிப்பாவி! மெஷின்ல அறுந்து போகக்கூடாதுன்னு ஆலைக்காரன் எண்ணெய் தடவித்தானே விடுறான்! எண்ணெய்மேல பசை ஒட்டுமா? சாம்பல் தண்ணியில கொதிக்கவெச்சு அலசணும்னு உனக்குத் தெரியாது? எட்டு வயசுலேர்ந்து பானைகிட்ட நின்னு கிண்டினது யாரு? நீதானே! கையெல்லாம் வெந்துபோச்சுன்னு அம்மாகிட்ட அழுவியே!"

எனெய்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரேசிலுக்கு அவள் பெட்டியில் கொண்டுபோனது செடியிலிருந்து உரித்த பச்சை நார். அதில் எண்ணெய் இல்லை. இங்கே வந்து பெரிய வலை பின்ன வேண்டியிருந்ததால் கோணி ஆலையில் நூலாக வாங்கினாள். அந்த எண்ணெய் வாசனை பிறந்ததிலிருந்து அவள் மூக்குக்குப் பழகியது. பழகியதாலேயே அது இருப்பது தெரியாமல் போய்விட்டது. அதோடு, எதிரே சுவரில் ஆய்வக விதிகள் தொங்கின. அவளே எழுதி, அவளே கையெழுத்துப் போட்டு மாட்டியவை. மூன்றாவது விதி: பொருளை வந்தது வந்தபடியே சோதிக்க வேண்டும், கழுவவோ துடைக்கவோ கூடாது. நேர்மையான விதி. உலகத்தில் எல்லா ஆய்வகத்திலும் இருக்கிற விதி. பட்டறையில் கற்ற எதையும் இந்த வாசலுக்குள் விடுவதில்லை என்று அவள் தனக்குள் போட்ட விதிக்கும் அது வசதியாக இருந்தது. எட்டு வயதில் கை வெந்து கற்றதை ஐம்பத்து நான்கு வயதில் மறந்திருந்தாள் என்றால் அது ஞாபகக் குறை இல்லை. வெட்கம்.

"லிபார்தோ, உன்கிட்ட அந்தப் பெரிய பானை இருக்கா?" என்றாள்.

"அப்பாவோட பானையா? மூணு இருக்கு."

"இப்பவே கொண்டா."

மறுநாள் ஆய்வகத்துப் பின்முற்றத்தில் மூன்று அடுப்பு எரிந்தது. பாஸ்தோ குளிரில் அதைச் சுற்றி நின்று மாணவர்கள் குளிர்காய்ந்தார்கள். லிபார்தோ சட்டைக்கையை மடித்துவிட்டு அதிகாரம் பண்ணினான். செகுந்தோவுக்கு அது பிடிக்கவில்லை.

"டாக்டரம்மா, பதினெட்டு வருஷமா நான் இங்க கிராம் கணக்குல எடை போட்டுக்கிட்டு இருக்கேன். இவரு ஒரு பிடி சாம்பல்ங்கிறாரு. யாரு பிடி? இவரு பிடியா, என் பிடியா?"

"அவன் பிடியை எடை போட்டு எழுதிக்கங்க செகுந்தோ."

செகுந்தோ லிபார்தோவின் கையைத் தராசுக்கு இழுத்துக்கொண்டு போனார். முப்பது பிடி எடை போட்டார். எல்லாப் பிடியும் ஏறக்குறைய ஒரே எடை. அதற்குப் பிறகு செகுந்தோ அவனை 'மாயெஸ்த்ரோ', அதாவது ஆசான், என்று கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

மாடி ஜன்னலிலிருந்து வில்லோதா எட்டிப் பார்த்தார். "என்ன டாக்டர், கோணி சூப்பா?"

"உங்களுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறேன் டாக்டர். வெங்காயம் போடணுமா?" என்றாள் எனெய்தா. இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு அவள் கொடுத்த முதல் பதில் அது. ஜன்னல் மூடிக்கொண்டது.

அவித்து, அலசி, கிடைத்த கொஞ்ச வெயிலில் காய வைக்க மூன்று நாள். சின்னச் சாந்துக் கட்டிகளில் நூலைப் பதித்து இறுக விட ஏழு நாள். பிறகு இழுவை இயந்திரத்தில் மாட்டி இழுத்தார்கள். எனெய்தா அளவுமானியைப் பார்க்கவில்லை, நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழுக்கவில்லை. வழுக்கவில்லை. டப்பென்று ஒரு சத்தம்.

"அறுந்துடுச்சு!" என்று கத்தினார் செகுந்தோ.

"அறுந்துடுச்சா?" லிபார்தோவுக்கு முகம் விழுந்துவிட்டது. "போச்சா?"

"போகலைடா மடையா! அறுந்துதுன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்!" எனெய்தா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு நூல் அறுந்ததற்கு மூன்று பேர் கூத்தாடியதை வேறெந்த ஊரிலும் பார்க்க முடியாது.

மேடையில் திரும்பக் கட்டி வைத்திருந்த வீட்டின் பழைய பூச்சை உரித்துவிட்டுப் புது வலையைக் கட்டிப் பூச இரண்டு நாள். சாந்து முழுசாக இறுக இருபத்தெட்டு நாள். நாற்பத்தொன்றில் மீதம் ஒரே ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளும் எனெய்தா தூங்கினாளா என்று கேட்காதீர்கள்.

குழு ஜூன் மாத வியாழக்கிழமை ஒன்றில் வந்தது. மூன்று பேர். தலைவி இன்ஜினியர் கியோமார் உர்ரேயா. ஒல்லியான, சிரிக்காத அம்மாள். கூட வந்தவர்களில் ஒருவர், நாடு முழுக்க எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்கிற மக்கு ஜோக்குகளில் ஒன்றை ஆரம்பித்தார். தலைவி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கூட்டம். வில்லோதா முன்வரிசையில். லிபார்தோவை எனெய்தாவே அழைத்திருந்தாள். பெயிண்ட் படிந்த சட்டையோடு ஓரமாக நின்றான். செகுந்தோ ஜாக்கியைத் திருகினார். மேடை மெல்ல எழுந்தது.

"பத்து" என்றார் செகுந்தோ. "பன்னண்டு. பதினாலு."

வெறும் வீடு விழுகிற இடம். நின்றது.

"பதினாறு."

போன தடவை மானம் போன இடம். நின்றது. பதினெட்டில் ஜன்னல் மூலையில் முடி மாதிரி ஒரு கீறல் விழுந்தது. கூட்டம் முனகியது. கீறல் ஒரு சாண் ஓடி, நின்றுவிட்டது. உள்ளே வலை பிடித்துக்கொண்டிருந்தது.

"இருபது!"

கை தட்டினார்கள். தலைவி கையை உயர்த்தினார். "நிறுத்தாதீங்க. எங்க விழுதுன்னு பார்க்கணும்."

இருபத்தைந்து. வீடு குடித்தவன் மாதிரி சாய்ந்திருந்தது. இருபத்தெட்டு. கூரை ஓடு ஒன்று சரிந்து விழுந்து உடைந்தது, சுவர் அசையவில்லை. முப்பது. முப்பத்து மூன்றில் செகுந்தோ நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் தலைவி.

"ஜாக்கி முடிஞ்சுபோச்சும்மா. இதுக்குமேல ஏறாது."

"சுவர்?"

"சுவருக்கு ஒண்ணும் அவசரமில்லை போலிருக்கு."

அப்போது கிளம்பிய சத்தம் எரிமலைக்கே கேட்டிருக்கும். மாணவர்கள் விசிலடித்தார்கள். லிபார்தோ மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடி வந்து, சட்டைப் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, ஜனவரி ஆறாம் தேதி ஊரே ஒருவர்மேல் ஒருவர் வெள்ளைப் பவுடர் கொட்டிக்கொள்வது மாதிரி அக்காவின் தலையில் கொட்டினான். பாதி தலைவியின்மேல் விழுந்தது. "வாழ்க பாஸ்தோ!" என்று யாரோ கத்த, ஜூன் மாதத்தில் எங்களுக்குத் திருவிழா வந்துவிட்டது. வில்லோதா பவுடருக்கு ஒதுங்கி நின்று, பிறகு ஒதுங்காமல் வந்து கையை நீட்டினார். "முப்பத்து மூணு. என் கான்கிரீட் வீட்டைக்கூட நான் அவ்வளவு சாய்க்க மாட்டேன் டாக்டர் பொத்தினா" என்றார். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

தலைவி புருவத்தில் வெள்ளையோடு சோதனைத் தாளை விரித்தார். "விதிமுறையில சேர்க்க எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு கேள்வி. போன அறிக்கையில நூலை அவிக்கிறதே இல்லை. இந்த முறை எந்தக் கட்டுரையிலேர்ந்து எடுத்தீங்க? மூலத்தைக் குறிப்பிடணும். பேரு, தொழில், ரெண்டும் வேணும்."

"கட்டுரை இல்லீங்க" என்றாள் எனெய்தா. "பேனா குடுங்க. நானே எழுதறேன்."

எழுதினாள். லிபார்தோ, பதின்மூன்று வயதில் எட்டிப் பார்த்த மாதிரியே, தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். 'மூலம்: ரோசெந்தோ பொத்தினா. தொழில்: திருவிழாத் தேர் செய்பவர். என் தந்தை.'

அவன் ஒருமுறை படித்தான். இன்னொரு முறை படித்தான். கண்ணைத் துடைக்கப் போய், கையில் இருந்த பவுடரையெல்லாம் முகத்தில் அப்பிக்கொண்டான்.

"தபால்ல நானே போட்டுட்டு வரட்டுமாக்கா?" என்றான்.